செம்பில் தெரிந்த சன்னல்

பளபளப்புக்கு நிறம் உண்டா? கணிப்பொறியில் படம் வரைந்து பிழைக்கும் நம்மை இந்தக் கேள்வி ஒருநாள் வசமாக மடக்கிப் போட்டது.

திருமண அழைப்பிதழ் ஒன்றின் முகப்புக்குப் பன்னீர்ச் செம்பு வரைந்து தரும் பணி நமக்கு வாய்த்தது. மணமகளின் பாட்டியார் காலத்துச் செம்பு அது. பித்தளையில் செய்து, மேலே குரோமிய முலாம் பூசியது. மாதிரிக்கென்று அதையே துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அழைப்பிதழிலும் வாயிற் பதாகையிலும் ஒரே சித்திரம் வரவேண்டும் என்பது அவர்கள் விருப்பம். எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாதது வெக்டர் முறை. ஆகவே கோரல் டிராவைத் திறந்தோம்.

இம்முறையில் ஓவியம் என்பது சில புள்ளிகளும் அவற்றை இணைக்கும் வளைகோடுகளுமே. பிரான்சு நாட்டின் ரெனோ நிறுவனத்தில் பொறியாளராயிருந்த பியேர் பெசியே, 1960களில் கார்களின் உடல் வளைவுகளை வகுக்கக் கையாண்ட கோடுகள் இவை. 1987இல் வெளிவந்த அடோபி இல்லஸ்டிரேட்டரும் 1989இல் வெளிவந்த கோரல் டிராவும் இக்கோடுகளையே அடிப்படையாகக் கொண்டவை.

செம்பின் உருவம் எளிதில் அமைந்தது. நிறத்தில்தான் சறுக்கினோம். ஃபவுண்டன் ஃபில் என்னும் வசதியால் ஓரங்களில் கரும்சாம்பலும் நடுவில் வெண்மையுமாக மெல்ல மெல்லக் கரையவிட்டோம். நமக்குத் திருப்தியாகவே இருந்தது. மணமகளின் தாயாரோ ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அலுமினியத்தில் செய்தது போல் இருக்கிறதே! எங்கள் செம்பு இப்படியா மங்கிக் கிடக்கிறது?" என்றார். நாம் வாயடைத்துப் போனோம்.

நம் தெருவில் விளம்பரப் பலகை எழுதி வாழ்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். தெருவுக்கே அவர் 'காக்கா'. லாரிகளின் முகப்பிலும் கடை வாசல்களிலும் அவர் எழுதிய எழுத்துகள் உலோகத்தில் வார்த்தவை போல் மின்னியதைச் சிறுவயதில் நின்று பார்த்திருக்கிறோம். 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு ஃப்ளெக்ஸ் பதாகைகள் வந்தன; அவருடைய தூரிகைக்கு வேலை போயிற்று. அந்தப் பதாகைகளை வடிவமைத்தவர்களில் நாமும் ஒருவர். இதை நினைத்து அவர் வீட்டு வாசலில் நம் கால்கள் தயங்கின. ஆயினும் வேறு வழியில்லை, செம்போடு போனோம்.

காக்கா செம்பைச் சன்னலோரத்து மேசைமீது வைத்தார். "இதில் என்ன தெரிகிறது, தம்பி?" என்றார்.

"சாம்பல், வெள்ளை, கொஞ்சம் கறுப்பு" என்றோம்.

"நிறத்தைக் கேட்கவில்லை. என்ன தெரிகிறது?"

குனிந்து பார்த்தோம். செம்பின் வயிற்றில் சன்னல் வளைந்து கிடந்தது. அதனுள் வானத்தின் நீலம். கீழே மேசையின் பழுப்பு. இரண்டுக்கும் இடையே கத்தியால் கீறியது போன்ற ஒரு கருங்கோடு. சன்னலருகே வெள்ளைத் தொப்பியோடு காக்கா, எறும்பளவில்.

"செம்பை வரையாதே. செம்புக்குள் தெரிவதை வரை" என்றார்.

குரோமியத்தை 1797இல் கண்டறிந்தவர் பிரெஞ்சு வேதியியலார் வோக்லென். அதன் சேர்மங்கள் பல நிறம் காட்டுவதால், நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் அமைந்தது. மாணிக்கத்தின் சிவப்பும் மரகதத்தின் பச்சையும் அது தந்தவையே. காக்காவின் பழைய பெட்டியில் மிஞ்சியிருந்த குரோம் மஞ்சளும் அதன் பிள்ளைதான். ஊருக்கெல்லாம் நிறம் வழங்கிய அந்த உலோகம், மெருகேறிய நிலையில் எதிரே நிற்பதையே தன் நிறமாக ஏந்திக் கொள்கிறது!

அன்றிரவு மீண்டும் அமர்ந்தோம். மேலே நீலம், கீழிறங்க இறங்க வெளுத்து, தூய வெண்மை. அந்த வெண்மை முடியும் அதே புள்ளியில் கரும்பழுப்பைத் தொடங்கினோம். இரண்டு நிறங்களையும் ஒட்டி நிறுத்தியதும், கரைவதற்கு இடமின்றி விளிம்பு கூராகியது. செம்பு விழித்துக் கொண்டது. அதன்பின் கரும்பழுப்பைக் கீழ்நோக்கி மணல் நிறமாக இளக்கினோம். ஒடுங்கிய கழுத்தில் கோடுகளை நீளவாக்கில் ஓடவிட்டோம். உருண்ட வயிற்றில் அடிவானத்தை வில்லாக வளைத்தோம். மிக ஒளிரும் இடங்களில் மையே படாமல் தாளின் வெண்மையை அப்படியே விட்டோம். மின்னும் நட்சத்திரம் ஒன்றே ஒன்று. இரண்டு வைத்தால் பொம்மையாகிவிடும்.

தாம் எழுதிய பலகையின் மூலையில் பெயரைச் சிறிதாகப் பொறிப்பது காக்காவின் வழக்கம். அப்பலகைகளில் ஒன்றுகூட இன்று நம் தெருவில் இல்லை. செம்பின் சன்னலருகே வெள்ளைத் தொப்பி அணிந்த உருவம் ஒன்றை எறும்பளவில் வரைந்து வைத்தோம். அவருக்கு நாம் பட்ட கடன் அதனால் தீராது என்பதை அறிவோம்.

மறுநாள் அச்சுக்கு அனுப்புமுன் அவரிடம் காட்டினோம். நடுங்கும் கையில் தாளை வாங்கி, கண்ணருகே பிடித்து, நெடுநேரம் பார்த்தார். அந்த உருவத்தைக் கண்டாரா, இல்லையா என்று நமக்குத் தெரியவில்லை.

"மேசை விளிம்பை இன்னும் கொஞ்சம் கறுப்பாக்கு, தம்பி" என்றார்.

அவர் சொன்னதே சரி. திருத்திவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்பினோம்.