காக்கிச் சட்டைக்கும் பாடம் வேண்டும்!

“யாரடா நீ?” என்று அதட்டினால் அஞ்சுவோர் உண்டு, ஓடுவோர் உண்டு. “யாரடா நீ?” என்று அதையே திருப்பிச் சொல்பவனை என்ன செய்வது? திமிர் பிடித்தவன் என்று தீர்மானித்துத் தடியை ஓங்குவதா? சற்றே தெரிந்துகொள்ள வேண்டாமா, தோழர்களே!

ஆட்டிசம் உடையோரில் சிலர், கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்வர், கேலியன்று அது. கண்ணை நேர்நோக்கார், கள்ளத்தனமன்று. கைகளை உதறுவர்; வெறியன்று. தொட்டால் துடிப்பர், தாக்குதலன்று. கள்வரிடம் காவலர் தேடும் குறிகள் எவையோ, அவையே குற்றமறியாத இவர்களிடமும் தென்படுகின்றன! கொடுமை அங்கேதான் தொடங்குகிறது.

திருவொற்றியூரில் ஆசிரியப் பணி புரிகிறேன். என் வகுப்பில் ஒரு சிறுவன். துறைமுகம் நோக்கி வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் எண்களை ஒன்றுவிடாமல் ஒப்பிப்பான். பெயரைக் கேட்டால் மட்டும் வாய் திறவான். சென்ற ஆண்டு ஒரு மாலை, லாரியொன்றின் கதவைத் தடவி எண்ணைப் படித்துக்கொண்டிருந்தவனைத் திருடனென்று எண்ணி, ரோந்து வந்த காவலர் கையைப் பற்றினார். அலறினான். பிடி இறுகியது, அலறல் பெருகியது. சாலையைக் கடந்து நான் நெருங்குமுன், மீன்கூடையை இறக்கிவிட்டு ஓடிவந்தாள் தாய். “விட்டுடுங்க சார்! தொட்டா பயந்துக்குவான், கொஞ்சம் தள்ளி நின்னீங்கன்னா தானா அடங்கிடுவான்” என்றாள். காவலர் விலகி நின்றார், சிறுவன் அடங்கினான். பள்ளி வாசலை மிதித்தறியாத அந்தத் தாய் நடுத்தெருவில் நடத்திய பாடத்துக்கு அரை நிமிடமே பிடித்தது! அதைப் பயிற்சிப் பள்ளியிலேயே அவர் கற்றிருந்தால், அந்த அலறல் எழுந்திருக்குமா?

அமெரிக்காவின் வட மயாமியில், 2016இல், பொம்மை லாரியைக் கையில் ஏந்தித் தெருவில் அமர்ந்திருந்த ஆட்டிசம் உடைய ஒருவரைத் துப்பாக்கி ஏந்தியவர் என்றெண்ணிக் காவலர் சுட்டார். குண்டு பாய்ந்ததோ, கைகளை உயர்த்தியபடி அருகே படுத்திருந்த பராமரிப்பாளரின் காலில்! வளமிக்க நாட்டிலும் அறியாமை சுடுகிறது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் தன் பட்டியலில் சேர்த்தது. காவல்துறையினருக்கான பயிற்சிகள் அனைத்திலும் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பாடமாக வேண்டும் என்கிறது அதன் 47ஆம் பிரிவு. 2025 ஜூலையில், தமிழ்நாட்டு வழக்கொன்றில், சிறைப் பணியாளர்க்கும் அத்தகைய பயிற்சி வேண்டுமென உச்ச நீதிமன்றம் பணித்தது. ஏட்டிலே உரிமை, ரோட்டிலே தடி என்றால் யாருக்குப் பயன்?

கற்பிக்க வேண்டியவை கடினமானவையா? குரலைத் தாழ்த்துக, தொடாதிருக்க, சைரனை நிறுத்துக, ஒரு கேள்வி கேட்டு, விடைக்குக் காத்திருக்க, வீட்டாரை அழைக்க. இவ்வளவுதான்!

இளைஞர்களே! தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் வட்டாரக் காவலர்க்கு இந்தப் பயிற்சி எந்நாளில், எத்தனை பேருக்கு அளிக்கப்பட்டது என்று எழுதிக் கேளுங்கள். விடை வரும்வரை விடாது கேளுங்கள். பேச இயலாதவனுக்காகப் பேசுவதைவிடப் பெரிய பகுத்தறிவுப் பணி வேறென்ன இருக்கிறது?