நான்கு நாளில் வற்றிய ஆறு

கனடாவின் வடமேற்கு மூலையில் செயின்ட் இலையாஸ் மலைத்தொடர். அதில் உள்ள லோகன் சிகரம் 5,959 மீட்டர். கனடாவில் அதைவிட உயர்ந்த மலை இல்லை. சுற்றிலும் பனிவெளி. துருவங்களை விட்டால் உலகில் இவ்வளவு பெரிய பனிவெளி வேறெங்கும் கிடையாது. அந்தப் பரப்பிலிருந்து கிழக்கே இறங்குகிறது காஸ்கவுல்ஷ் என்னும் பனியாறு. நீளம் சுமார் 70 கிலோமீட்டர். அதன் கிளைகள் ஒவ்வொன்றும் விளிம்பில் கல்லும் மண்ணும் சுமந்து வரும். கூடிய பிறகு அவை பனியின் முதுகில் கரிய வரிகளாக நீளுகின்றன.

அதன் முனையில் உருகிய நீர்தான் ஸ்லிம்ஸ் ஆறு. 1903இல் இதைக் கடக்கும்போது மூழ்கிப்போன ஒரு பொதிகுதிரையின் பெயர் அது. அவ்வளவு வேகமான வெள்ளம். பனி அரைத்த பாறைமாவு கலந்து சாம்பல் நிறத்தில், பல கால்களாகப் பிரிந்து வடக்கே ஓடி குளுவேன் ஏரியில் விழுந்துகொண்டிருந்தது. ஏரியிலிருந்து குளுவேன் ஆறு, டொன்ஜெக், ஒயிட், பிறகு யூகான் என்று கைமாறி, 2,000 கிலோமீட்டருக்கும் மேல் நடந்து பெரிங் கடலைச் சேரும்.

பசிபிக் கடலோ மலைக்கு மறுபுறம் பக்கத்திலேயே இருக்கிறது. அதே பனிமுனையிலிருந்து தெற்கே போகும் காஸ்கவுல்ஷ் ஆறு, ஆல்செக்கில் கலந்து அலாஸ்கா வளைகுடாவுக்குச் சட்டென்று இறங்கிவிடுகிறது. இரண்டு கடல்களுக்குமான நீர்ப்பிரிவைத் தாங்கி நின்றது பாறை அல்ல, பனி. சில நூற்றாண்டுகளுக்கு முன் பனியாறு முன்னேறி வந்து மறிக்கும்வரை, குளுவேன் ஏரியே தெற்கு நோக்கித்தான் வடிந்துகொண்டிருந்தது. ஸ்லிம்ஸைப் பெற்றதே பனிதான்.

2016 மே மாதக் கடைசியில் அந்த மறிப்பு விட்டுப்போயிற்று. பின்வாங்கிக்கொண்டிருந்த முனையில் உருகுநீர் சுமார் 30 மீட்டர் ஆழத்துக்குப் பனியை அறுத்து வழி கண்டது. நான்கே நாளில் நீரின் பெரும்பகுதி தெற்கே திரும்பிவிட்டது. ஓர் ஆற்றின் நீரை இன்னோர் ஆறு தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் ஆற்றுக் கவர்வு என்பது ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நடப்பது என்று பாடத்தில் படிக்கிறோம். இங்கே ஒரு வாரம்கூடத் தேவைப்படவில்லை. ஆற்றை அளக்கவந்த ஆய்வாளர்கள் ஆகஸ்டில் கண்டது வெறும் படுகையை. டேன் ஷுகரும் குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, பருவநிலை மாறாதிருந்தால் இப்பனியாறு இவ்வளவு பின்வாங்கியிருக்க வாய்ப்பு 0.5 சதவீதம்தான் என்றது. இதை இயற்கையின் விளையாட்டு என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் ஒப்பவில்லை.

இன்று ஸ்லிம்ஸ் பள்ளத்தாக்கில் காற்றடித்தால் புழுதி எழும்புகிறது. அலாஸ்கா நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியில் முன்போல வெள்ளம் இல்லை. குளுவேன் ஏரி வழக்கமான மட்டத்தைவிடத் தாழ்ந்துவிட்டது. பர்வாஷ் லேண்டிங் போன்ற கரையோர ஊர்களில் நீர் பின்வாங்க, கற்கரை அகன்றுகொண்டே போனது. மட்டம் இன்னும் இறங்கினால் ஏரி நீர் வெளியேறும் வடக்கு வாய்க்குத் தண்ணீர் எட்டாது. அந்த வாயிலிருந்து புறப்படும் குளுவேன் ஆற்றில்தான், பெரிங் கடலிலிருந்து யூகான் வழியாக அத்தனை தூரமும் எதிர்நீந்தி வரும் சம் சால்மன் மீன்கள் முட்டையிடுகின்றன.