தொண்ணூறு மைலும் பத்து மைலும்

2012ஆம் ஆண்டு ஏப்ரல் மாதப் பள்ளி விடுமுறையில் நாங்கள் பேர்த் நகரிலிருந்து அடிலெயிட் நகருக்குக் குடிபெயர்ந்தோம். கணவருக்கு அங்கே வேலை கிடைத்திருந்தது. வீட்டுச் சாமான்களைப் பாரவூர்தியில் அனுப்பிவிட்டு, ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர் தூரத்தையும் எங்கள் காரிலேயே கடப்பதென முடிவு செய்தோம். விமானத்தில் மூன்று மணி நேரத்தில் போகக்கூடிய வழியை நான்கு நாட்கள் ஓடிக் கடப்பானேன் என்று நண்பர்கள் கேட்டனர். "நாட்டைப் பார்க்கலாம்" என்றோம். அந்த நான்கு நாட்களில் இரண்டாம் நாளைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

அன்று அதிகாலை நொர்ஸ்மன் என்னும் சிற்றூரில் பெற்றோலை நிரப்பிக்கொண்டு கிழக்கு நோக்கிப் புறப்பட்டோம். மாலைக்குள் 700 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள யூக்கிளாவை அடையவேண்டும். பின்னிருக்கையில் என் அம்மாவும் பதினொரு வயது மகனும் இருந்தனர். மகன் ஐந்து வயது முதல் தமிழ்ப் பள்ளிக்குச் சென்றவன். பாடநூலைப் பிழையின்றி வாசிப்பான். ஆயினும் அம்மம்மாவுடன் அவன் பேசுவது "ஓம்", "இல்லை", "பசிக்குது" என்ற மூன்று சொற்களுக்குள் அடங்கிவிடும். 2003இல் எங்களிடம் வந்து சேர்ந்த அம்மாவும் அதற்குமேல் அவனை வற்புறுத்தியதில்லை.

பலடோனியாவைத் தாண்டியதும் வீதியோரத்தில் ஒரு பலகை நின்றது. அவுஸ்திரேலியாவின் மிக நீளமான நேர்வீதி, தொண்ணூறு மைல், அதாவது 146.6 கிலோமீற்றர் என்று அதில் எழுதியிருந்தது. அங்கிருந்து கெய்குனா வரை ஒரு வளைவுகூட இல்லை. நல்லாபோர் என்ற பெயருக்கு இலத்தீன் மொழியில் 'மரமற்றது' என்று பொருள். வீதியோரத்தில் குட்டை மரங்களும் சாம்பல் நிறப் புதர்களும் இருக்கவே செய்தன. மெய்யாகவே மரமற்ற வெளி வடக்கே இருக்கிறது. கங்காருவும் ஒட்டகமும் வரைந்த மஞ்சள் பலகைகளும், அவசர நோயாளரை ஏற்ற வரும் பறக்கும் மருத்துவர் சேவை விமானம் இறங்குவதற்காக வீதியிலேயே தீட்டப்பட்ட வெள்ளைக் கோடுகளும் அவ்வப்போது தோன்றி மறைந்தன. வானொலி ஓய்ந்தது. தொலைபேசிக்கு அலையில்லை. மகனின் விளையாட்டுக் கருவியும் மின்னிழந்து அணைந்தது.

அந்த வீதியில் ஒரு வழக்கம் உண்டு. எதிரே வரும் சாரதி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தி வணக்கம் சொல்வார். நாமும் அவ்வாறே செய்யவேண்டும். அம்மா இதை வெகுநேரம் கவனித்திருந்துவிட்டுக் கேட்டார்:

"இவை எல்லாருக்கும் மருமோனைத் தெரியுமோ?"

மகன் வாய்விட்டுச் சிரித்தான். "இல்லை அம்மம்மா, தெரியாது. சும்மா கை காட்டுகினம்" என்று தமிழிலேயே விளக்கினான். அதன்பின் இருவரும் சேர்ந்து விரல் உயர்த்தியவர்களை எண்ணத் தொடங்கினர்.

அந்த நெடுஞ்சாலைக்கு ஏன் எயர் என்று பெயர் வந்தது என்பதைக் கணவர் சொல்லலானார். எட்வேட் ஜோன் எயர் என்ற ஆங்கிலேயர் 1841இல் வைலி என்னும் பழங்குடி இளைஞனுடன் இந்தக் கரையோரமாக மேற்கே நடந்து சென்றார். உடன் வந்த மற்றொருவர் வழியில் கொல்லப்பட்டார்.

"தண்ணிக்கு என்ன செய்தவை?" என்று அம்மா கேட்டார்.

"மணலைத் தோண்டி எடுத்தவை மாமி. அதுவும் இல்லாத இடத்திலை விடியப்புறம் இலையிலை இருக்கிற பனியைப் பஞ்சாலை ஒற்றிப் பிழிஞ்சு குடிச்சவையாம்."

அம்மா சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "நாங்கள் குடையை விரிச்சு மழைத்தண்ணி ஏந்திக் குடிச்சனாங்கள்" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி வெளியேறியபோது நான் கொழும்பில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் அப்பாவும் நல்லூரிலிருந்து சாவகச்சேரிக்கு நடந்தனர் என்பது எனக்குத் தெரியும். அதற்குமேல் நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

"எங்கை போனனீங்கள் அம்மம்மா?" என்றான் மகன்.

"இடம்பெயர்ந்து போனனாங்கள் ராசா."

"எங்களைப் போல வீடு மாறினனீங்களோ?"

"ஓம், வீடு மாறினதுதான். ஆனா எந்த வீட்டுக்கெண்டு தெரியாது."

பின்பு அவர் சொல்லிக்கொண்டே வந்தார். மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் புறப்பட்டதைச் சொன்னார். அரிசிப் பையும் அவருடைய தாயாரும் ஏறியிருந்த சைக்கிளை அப்பா தள்ளிவந்ததையும், நாவற்குழிப் பாலத்தருகே நிற்கவும் நகரவும் இயலாமல் நெருக்குண்டு மழையில் நனைந்து நின்றதையும் சொன்னார். பத்து மைல் வழி. அதைக் கடக்க ஓரிரவும் மறுநாள் பகலும் ஆயிற்றாம். நாங்களோ தொண்ணூறு மைலை ஒன்றரை மணி நேரத்தில் கடந்துகொண்டிருந்தோம்.

"ஆரும் கை காட்டினவையோ?" என்று மகன் கேட்டான்.

"இல்லை ராசா. அண்டைக்கு அந்த ரோட்டிலை வந்த ஆக்களிலை பாதிப்பேரை எனக்குத் தெரியும். ஒருத்தரும் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை."

கெய்குனாவில் நேரம் மாறுகிறது. கடிகாரத்தை நாற்பத்தைந்து நிமிடம் முன்னே நகர்த்தவேண்டும். அதைச் செய்வதற்குக்கூட எங்களில் எவருக்கும் நினைவு வரவில்லை. யூக்கிளாவை அடைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. 1877இல் திறக்கப்பட்ட பழைய தந்தி நிலையம் அங்கே மணலுள் பாதி புதையுண்டு கிடக்கிறது. மகன் அம்மம்மாவின் கையைப் பிடித்து மணல்மேட்டில் மெல்ல நடத்திச் சென்றான். நானும் கணவரும் பின்னால் நடந்தோம்.

அம்மா 2021இல் காலமானார். முப்பத்தோராம் நாளுக்குரிய நினைவு மலரை எழுத அமர்ந்தபோது அந்த இரவைப் பற்றி எழுத விரும்பினேன். எனக்குச் செய்திகள் நினைவிருந்தன. அவருடைய சொற்கள் நினைவில் இல்லை. பக்கத்து அறையிலிருந்து வந்த மகன், "ஒருத்தரும் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை எண்டுதான் அம்மம்மா சொன்னவா" என்றான். அவர் சொன்னவாறே, அவருடைய குரலின் இறக்கத்தோடு சொன்னான். அப்படியே எழுதினேன்.

சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளை எழுப்பித் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துச் செல்வதால் என்ன பயன் என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. எனக்கு அந்த வீதி நினைவுக்கு வரும். அன்று என் மகனிடம் அந்தக் கொஞ்சத் தமிழும் இல்லாதிருந்தால், அம்மா அந்தத் தொண்ணூறு மைலும் யன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்திருப்பார்.