நாபித் தலத்தில் அருளும் மத்யமகேஸ்வரர்

கும்பகோணத்துக்காரர்களுக்கு மலை என்றால் சுவாமிமலைதான். அறுபது தமிழ் ஆண்டுகளைக் குறிக்கும் அறுபது படிகள். ஏறி முடித்தால் முருகன் சந்நிதி. அந்தச் சமவெளியிலேயே பிறந்து வளர்ந்து, பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் அவருடைய துணைவியாரும், முதுகில் பை சுமந்து இமயத்தின் காட்டு வழியில் நான்கு நாட்கள் நடக்கப் போகிறோம் என்றபோது உறவினர் எவரும் நம்பவில்லை. கணவருக்கு அறுபத்தொரு வயது; மனைவிக்கு ஐம்பத்தாறு.

அவர்கள் நாடிச் சென்றது பஞ்ச கேதாரங்களுள் ஒன்றான மத்யமகேஸ்வரத்தை. குருக்ஷேத்திரப் போரில் சுற்றத்தாரைக் கொன்ற பாவம் தீரப் பாண்டவர்கள் சிவபெருமானைத் தேடி வந்தனர். அவர்களுக்குக் காட்சி தர விரும்பாத பெருமான் காளை வடிவெடுத்து மறைந்தார். பீமன் பற்ற முயன்றபோது பூமிக்குள் புகுந்து, ஐந்து இடங்களில் வெளிப்பட்டார் என்பது தல வரலாறு. திமில் கேதார்நாத்திலும், புயங்கள் துங்கநாத்திலும், முகம் ருத்ரநாத்திலும், சடை கல்பேஸ்வரத்திலும் வழிபடப்படுகின்றன. நாபி தோன்றிய தலமே மத்யமகேஸ்வரம். கேதார்நாத்துக்கு லட்சக்கணக்கில் பக்தர்கள் திரள்கிறார்கள், ஹெலிகாப்டரும் பறக்கிறது. மத்யமகேஸ்வரத்திலோ அத்தகைய கூட்டம் இல்லை. அதனாலேயே அந்த ஆசிரியர் இத்தலத்தைத் தேர்ந்தெடுத்தார்.

ரிஷிகேசத்திலிருந்து புறப்பட்டவர்கள், பெரியாழ்வார் மங்களாசாசனம் செய்த கண்டமென்னும் கடிநகராகிய தேவப்பிரயாகையில் இறங்கி ரகுநாதரைச் சேவித்து, ருத்ரப்பிரயாகை வழியே ஊகிமடம் சேர்ந்தனர். அங்குள்ள ஓங்காரேஸ்வரர் கோயிலே கேதாரநாதருக்கும் மத்யமகேஸ்வரருக்கும் குளிர்கால இருப்பிடம். மே மாதத்தில் மத்யமகேஸ்வரரின் உற்சவத் திருமேனி பல்லக்கில் புறப்பட்டு, ராகேஸ்வரி அம்மன் குடிகொண்ட ரான்சியிலும், அடுத்து கௌந்தாரிலும் இரவு தங்கி மலையேறும். நவம்பரில் அதே வழியே இறங்கும். நம் தம்பதியரும் சுவாமி நடக்கும் அந்தப் பாதையில்தான் கால் வைத்தார்கள்.

ரான்சியிலிருந்து கோயில் வரை ஏறத்தாழ 16 கிலோமீட்டர். முதல் 6 கிலோமீட்டர் ஏற்றமன்று. கௌந்தாரை நோக்கிப் பாதை இறங்குகிறது. மலைக்குப் போகிறோம் என்று நினைத்து வந்தவர்கள் முதல் நாள் முழுவதும் இறங்கியதில் ஆசிரியருக்கு உற்சாகம் தாங்கவில்லை. இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டார். மலையிடம் கேட்கக் கூடாத கேள்வி அது.

இரவு கௌந்தாரில் தங்கினர். மறுநாள் காலை அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து, மார்க்கண்ட கங்கை மத்யமகேஸ்வர கங்கையோடு கலக்கும் பன்தோலியை அடைந்தார்கள். 2023 ஆகஸ்ட் மாதத்தில் இப்பகுதியில் பாலம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதால் மேலே சிக்கிய யாத்ரிகர்கள் பலரைக் கயிறு கட்டியும் ஹெலிகாப்டர் மூலமும் மீட்க நேர்ந்தது. அக்டோபரில் ஆறு அடங்கியிருந்தபோதும், அதன் இரைச்சலில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. அம்மையார் கண்களை மூடி நமசிவாய மந்திரம் சொல்லிக்கொண்டே பாலத்தைக் கடந்தார்.

அதன் பிறகுதான் மலை தன் உண்மை உருவத்தைக் காட்டியது. கதாரா, நானு, மைகம்பா, கூன் என்று சிறு தங்கும் இடங்கள். இடையில் மூச்சுவிட இடந்தராத வளைவுகள். இருபுறமும் கருவாலி மரங்களும், வசந்தத்தில் செந்நிறமாகப் பூக்கும் புரான்ஸ் மரங்களும் அடர்ந்த காடு. இது கேதார்நாத் வனவிலங்கு சரணாலயத்தைச் சேர்ந்தது. கஸ்தூரி மான் வாழும் இடம். கரடியும் உண்டு என்பதால் இருட்டிய பின் நடப்பதில்லை. மரக்கிளைகளில் தொங்கும் பாசி அசைய, முசுக் குரங்குகள் கிளை தாவுவதைத் தவிர வேறு ஓசையில்லை. ஓரிடத்தில் மோனால் பறவையொன்று மயில் கழுத்து நிறத்தில் மின்னிச் சரிவில் பறந்து மறைந்தது. அம்மையார் நின்று பார்த்தார். ஆசிரியர் நிற்கவில்லை, மாலைக்குள் கோயிலை அடைந்துவிட வேண்டும் என்பது அவர் போட்ட கணக்கு.

மைகம்பாவை நெருங்கியபோது அவருக்குத் தலை வலித்தது. பத்தடிக்கு ஒருமுறை நின்றார். மதியம் உண்ட ரொட்டி வயிற்றில் தங்கவில்லை. அவர்கள் நெருங்கிக்கொண்டிருந்தது 3,000 மீட்டர் உயரத்தை. அங்கே காற்று மெலிது. கடல் மட்டத்தை ஒட்டிய ஊரில் அறுபது ஆண்டுகள் வாழ்ந்த உடலுக்கு அது புதிது.

“இன்னும் நாலு கிலோமீட்டர்தான். மெதுவா போயிடலாம்” என்றார்.

“ஏறக் கூடாதுங்க. கீழே நானுவுக்கே போய்ப் படுக்கலாம்.”

“ஏறினதை இறங்குறதா? இவ்வளவு தூரம் வந்துட்டா?”

“சுவாமி அங்கேயேதான் இருப்பார். நாளைக்கும் இருப்பார். எழுந்திருங்க.”

முப்பத்துமூன்று ஆண்டு இல்லறத்தில் போகும் வழியைத் தீர்மானித்தவர் எப்போதும் அவர்தான். அன்று அவர் பதில் பேசாமல் எழுந்தார். அவருடைய பையிலிருந்த கனமான பொருள்களைத் தம் பைக்கு மாற்றிக்கொண்டு அம்மையார் முன்னால் இறங்கினார். பாடுபட்டு ஏறிய உயரத்தை விட்டுக்கொடுப்பது வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் உயரத்தால் வரும் நோய்க்கு முதல் மருந்து இறங்குவதுதான். அதை அலட்சியம் செய்து மேலே போனவர்களுக்கு நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து உயிராபத்து நேர்வதுண்டு. பக்தி மிகுதியால் இந்த எச்சரிக்கையை ஒதுக்குபவர்கள் நம்மிடையே நிறைய.

நானுவில் சுடுநீரும் சூடான கஞ்சியும் கிடைத்தன. விடியும்போது தலைவலி நீங்கியிருந்தது. பைகளைக் கோவேறு கழுதைமேல் ஏற்றிவிட அவர் சம்மதித்தார். கழுதைமேல் தாம் ஏறச் சம்மதிக்கவில்லை. அன்று பிற்பகல் காடு விலகிப் புல்வெளி விரிந்தது. அதன் நடுவே, மலைச்சரிவை ஒட்டிக் கற்கோயில்.

கருவறையில் நாபி வடிவில் கருங்கல் லிங்கம். இங்கே பூசை செய்பவர் கர்நாடகத்தைச் சேர்ந்த வீரசைவ மரபினர் என்பது தெற்கிலிருந்து செல்பவர்களுக்கு நெருக்கம் தரும் செய்தி. அருகில் இரு சிறு சந்நிதிகள்: ஒன்றில் பார்வதி தேவி, மற்றொன்றில் அர்த்தநாரீஸ்வரர். மாலை ஆரத்தியில் பத்துப் பதினைந்து பேரே இருந்தனர். ஆசிரியர் நெடுநேரம் கைகூப்பி நின்றார். வெளியே வந்தபின், “நேத்து ஏறி வந்திருந்தா படுத்துக்கிட்டுத்தான் இருந்திருப்பேன்” என்று மட்டும் சொன்னார்.

கோயிலுக்கு மேலே சுமார் 2 கிலோமீட்டரில் பூடா மத்யமகேஸ்வர், அதாவது முதிய மத்யமகேஸ்வரர், சிறு கல் மாடத்தில் எழுந்தருளியிருக்கிறார். அங்குள்ள சிறு நீர்நிலையில் 7,138 மீட்டர் உயரச் சௌகம்பா சிகரம் தலைகீழாகத் தெரியும். விடியற்காலையில் போனால்தான் காணலாம். வெயில் ஏறினால் மேகம் மூடிவிடும். நான்காம் நாள் விடியுமுன் ஆசிரியர் எழுந்து காலணி வரை அணிந்துவிட்டு, பிறகு தாமாகவே கழற்றி வைத்தார். “நீ போய்ப் பார்த்துட்டு வா.” தனியாக வெளியூர்ப் பேருந்து ஏறி அறியாத அம்மையார், விடுதிக்காரர் மகனோடு கைவிளக்குடன் புறப்பட்டார். இவர் அர்த்தநாரீஸ்வரர் சந்நிதிக்கு முன்னால் போர்வை போர்த்தி அமர்ந்து மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டு மணிக்குத் திரும்பி வந்தவருக்காகத் தேநீர்க் குவளையைத் தட்டால் மூடி வைத்திருந்தார்.

“தெரிஞ்சுதா?”

“அஞ்சு நிமிஷம். தண்ணி அசையவே இல்லைங்க.”

செல்ல விரும்பும் அன்பர்கள் மே, ஜூன் அல்லது செப்டம்பர் பிற்பகுதி முதல் அக்டோபர் வரை செல்லலாம். ஜூலை, ஆகஸ்ட் மழையில் வேண்டாம். ஏற்றத்துக்கு ஒரு நாள் கூடுதலாக ஒதுக்குவது நல்லது. இதய நோயும் மூச்சிரைப்பும் உடையவர்கள் மருத்துவரைக் கேட்டே புறப்பட வேண்டும். மேலே பணம் எடுக்கும் இயந்திரத்தை எதிர்பார்க்க முடியாது. தொலைபேசிவழிப் பணம் செலுத்துவதையும் நம்ப முடியாது. சிறிய நோட்டுகளாகக் கொண்டு செல்க. கம்பளி, மழையங்கி, கைவிளக்கு, வழக்கமான மருந்துகள் போதும். அந்தத் தம்பதி ஒன்பது கிலோ சுமந்து சென்றதில் பாதியைத் தொடவேயில்லை.

இறங்கும்போது ஆசிரியருக்கு ஒரு தொல்லையும் இல்லை. அம்மையாருக்குத்தான் முழங்கால் பிடித்துக்கொண்டது. நானுவைத் தாண்டியதும் அவருடைய பையையும் இவர் வாங்கித் தம் மார்பில் மாட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் சுமையோடு, கௌந்தார் வரை அவருக்குப் பின்னாலேயே நடந்து வந்தார்.