பூனாகலை வழியே ஒரு பிரயாணம்

ஊவா மாகாணத்துக்குச் சென்று வந்தோர் பலரும் தியலும நீர்வீழ்ச்சியைக் கண்டிருப்பர். கொஸ்லாந்தைக்கும் வெல்லவாயவுக்கும் இடையே, நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே 220 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் அந்த அருவி, உயரத்தில் இலங்கையின் இரண்டாவது அருவி என்னும் பெருமை உடையது. வண்டியை நிறுத்தி, அண்ணாந்து நோக்கி, படம் பிடித்துக்கொண்டு செல்வோருக்கு அங்கே குறைவில்லை. ஆயின் அந்த நீர் எங்கிருந்து வருகிறதென்று கேட்போர் அரியர். அதன் பெயர் பூனாகலை ஓயா. மேலே, மலைமுடிகளினிடையே தேயிலைத் தோட்டங்களாகப் பரந்து கிடக்கும் பூனாகலையின் பெயரைச் சுமந்துகொண்டுதான் அது கீழே இறங்குகிறது.

அருவியை அடியில் நின்று காண்பது ஒரு வகை. அது பிறந்த ஊரின் வழியே இறங்கி வந்து காண்பது மற்றொரு வகை. 2018 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் நானும் நண்பர் ஒருவரும் மேற்கொண்ட பிரயாணம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதனை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகச் செல்லும் பெருஞ்சாலை, பெரகலை என்னுமிடத்தில் இரண்டாகப் பிரிகிறது. வலப்புறம் நேரே சென்றால் கொஸ்லாந்தை, தியலும, வெல்லவாய. இடப்புறம் ஏறினால் அப்புத்தளை, பண்டாரவளை. அவசரக்காரர் முதல் வழியைக் கொள்வர். நாங்கள் ஏறும் வழியைக் கொண்டோம். பண்டாரவளையைத் தொட்டு, அங்கிருந்து பூனாகலைப் பாதையில் இறங்கி, கொஸ்லாந்தையில் மீண்டும் பெருஞ்சாலையை அடைவது எங்கள் திட்டம். ஒரு மலைத்தொகுதியை வலம்வருவதைப் போன்ற பிரயாணம் அது.

அப்புத்தளையில் காற்று எங்களை வரவேற்றது என்று சொல்வது போதாது. வண்டியின் கதவைப் பிடித்து இழுத்தது என்றே சொல்ல வேண்டும். அது கச்சான் காலம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் தன் மழையையெல்லாம் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக ஊவாவுக்குள் புகும் மாதங்கள் ஆடியும் ஆவணியும். அந்த வறட்சியில் தேயிலைச்செடி மெதுவாகத் துளிர்க்கும். மெதுவாகத் துளிர்ப்பதனாலேயே கொழுந்தில் மணம் திரளும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் உள்ள தனிப்பெயர் இந்தக் காற்று ஈட்டிக் கொடுத்தது.

பண்டாரவளை ஏறக்குறைய 4,000 அடி உயரத்தில் அமைந்த நகரம். 1894 ஆம் ஆண்டில் இங்கே வந்து சேர்ந்த புகையிரதப் பாதை, பதுளையை எட்ட 1924 வரை ஆயிற்று. அந்த முப்பது ஆண்டுகளும் ஊவாவின் தேயிலைக்கு இதுவே வாயிலாக விளங்கியது. அதற்கு முன்னரோ இம்மலைகளில் கோப்பி விளைந்தது. 1869 இல் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழிக்க, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. 1890 இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன், அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதென்னைத் தோட்டத்தை வாங்கினார். அவர் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்வையிட்டதாகக் கூறப்படும் 'லிப்டன் ஆசனம்' என்னும் முகட்டுக்குப் பூனாகலைப் பக்கமிருந்தும் வழியுண்டு.

பண்டாரவளையை விட்டதும் பாதை குறுகியது. எங்கள் சாரதி தோட்டமொன்றிலே பிறந்து வளர்ந்தவர். ஒவ்வொரு வளைவிலும் ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் வாயில் அப்பெயர்கள் தமிழாகி ஒலித்த அழகை நான் கவனித்தேன். சிங்களத்தில் 'கல' என்றால் பாறை. பூனாகல என்பது தமிழர் நாவில் பூனாகலை ஆயிற்று. கொஸ்லந்த கொஸ்லாந்தை ஆயிற்று. பதுளைக்கு அருகிலுள்ள தெல்பெத்த, தெளிவத்தை ஆயிற்று. அந்தத் தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார், 2022 இல் மறைந்த எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப். ஒரு நிலத்துக்குத் தன் மொழியில் பெயரிட்டு அழைப்பவன் அந்நிலத்தில் வேர்விட்டவன் அன்றோ? இக்கேள்வி பிரயாணம் முழுவதும் என்னுடன் வந்தது.

பூனாகலை மத்திய மலைநாட்டின் தென்விளிம்பில் இருக்கிறது. மலை அங்கே படிப்படியாக இறங்குவதில்லை; சுவர்போல் நின்று, திடீரெனக் கீழே போய்விடுகிறது. ஒரு வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னோம். காலடியில் தேயிலை, அதற்கப்பால் வெறும் வெளி, வெளியின் அடியில் வெல்லவாயச் சமவெளி. அங்குமிங்கும் குளங்கள் வெயிலில் மின்னின. மேகத்தின் நிழல் காடுகளின்மேல் ஊர்ந்து செல்வதை மேலிருந்து காண்பது ஒரு புதுமையான அனுபவம்.

மலையில் பெண்கள் கொழுந்து கொய்துகொண்டிருந்தனர். இடுப்பில் படங்கு, முதுகில் கூடை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய 4½ கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். தோட்டத்தார் குறித்த அளவு நிறுவையில் நிறைந்தால்தான் அன்று முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். அதிகாலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு ஏறியவர்கள், கொழுந்து நிறுக்கும் வேளை வரையில் அந்தச் சரிவிலேயே நிற்கிறார்கள். நாம் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு எட்டிப்பார்க்கும் பள்ளத்தின் ஓரத்தில் அவர்கள் இரு கைகளையும் விட்டுவிட்டு வேலை செய்கிறார்கள்.

சாரதிக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தாரின் லயத்தின் முன் சற்றுத் தங்கினோம். வாசலில் அமர்ந்திருந்த மூதாட்டி எழுந்து நின்று, "வாங்க தம்பி, குந்துங்க" என்று பலகையைத் துடைத்துப் போட்டார். கேளாமலே தேத்தண்ணி வந்தது; உடன் கடித்துக்கொள்ளக் கருப்பட்டியும் வந்தது.

"எங்கே தம்பி பயணம்?"

"தியலும பார்க்கப் போகிறோம், பாட்டி."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அது இங்கேயிருந்து போற தண்ணிதானே! நாங்க துணி அலசி விட்ட தண்ணியைப் பார்க்கவா கொழும்பிலேயிருந்து வாறீங்க?"

நாங்களும் சிரித்தோம். தியலுமவைப் பார்த்திருக்கிறீர்களா என்று நண்பர் கேட்டார். ஒரே ஒரு முறை, வெல்லவாயவில் ஒரு கலியாணத்துக்குப் போகையில் பஸ்ஸின் சன்னல் வழியே பார்த்ததாகச் சொன்னார். பின்னர் பேச்சு மழையின்மேல் சென்றது. மூதாட்டியின் முகத்தில் சிரிப்பு அடங்கிற்று.

"கச்சான்லே பயமில்லை தம்பி. ஐப்பசி, கார்த்திகை மழைதான் பொல்லாதது. ராத்திரியிலே மழை விடாமப் பெய்ஞ்சா யாரும் படுக்க மாட்டோம். கதவு திடீர்னு சாத்த முடியாமப் போனா, சுவருக்குள்ளே கோடு விழுந்தா, ஊத்துத் தண்ணி கலங்கினா, பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு வெளியே வந்துடணும். மீரியபெத்தைக்குப் பொறகு எங்களுக்கு இதெல்லாம் பாடம்."

இவை யாவும் மண்சரிவுக்கு முன்னறிகுறிகள் என்று நிபுணர் எடுத்துரைப்பவையே. அவற்றை அந்த அம்மையார் சமையற் பக்குவம் சொல்வதுபோல் சொன்னார்.

அவருடைய தமக்கை 1970 களில் இந்தியாவுக்குப் போய்விட்டாராம். இதன் பின்னணியை இளைய வாசகர்களுக்குச் சொல்வது தகும். தமிழ்நாட்டின் ஊர்களிலிருந்து பெருந்தோட்டங்களுக்கு வந்த மக்களின் வழித்தோன்றல்களுள் மிகப் பெரும்பாலோர், 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைச் சரிபாதியாகப் பிரிக்க 1974 இல் மற்றோர் உடன்படிக்கை வந்தது. மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கிப் போன புகைவண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. அப்படிப் போனவர்களுள் பலர் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களிலே மறுபடியும் தேயிலைச் செடியின் முன்னேயே நின்றனர். மூதாட்டியின் தமக்கையும் அவ்வாறே கூடலூரில் கொழுந்தெடுத்து, அங்கேயே கண்மூடினாராம். "அக்காவுக்கும் மலைதான், எனக்கும் மலைதான்" என்றார் அவர். விடைபெறும்போது ஒரு சிறு பொட்டலத்தில் தேயிலைத்தூள் கட்டிக் கொடுத்தார். காசு கொடுக்க முயன்ற நண்பரின் கையைத் தள்ளிவிட்டார்.

பூனாகலையைக் கடந்து பாதை இறங்கத் தொடங்கிற்று. நீரும் நாங்களும் ஒரே இடத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். வழியில் மாகல்தெனியப் பகுதியில் புதிய வீடுகள் வரிசையாகத் தென்பட்டன. லயம்போல் ஒட்டிக்கொண்டிராத தனித்தனி வீடுகள். வாசல்தோறும் ஒரு வாழையோ, செவ்வரத்தையோ. சாரதி வண்டியின் வேகத்தைக் குறைத்து, "இது மீரியபெத்தைச் சனங்களுக்குக் கட்டினது" என்றார்.

2014 ஆம் ஆண்டு அக்டோபர் 29 ஆம் நாள், புதன்கிழமை. கொஸ்லாந்தைக்கு மேலேயுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில், நாள்தோறும் போல் காலை விடிந்து, வேலைக்கும் பாடசாலைக்கும் மக்கள் புறப்படும் நேரத்தில், மலை இளகி லயங்களின்மேல் இறங்கிற்று. லயங்களோடு கோவிலும் மண்ணுள் மறைந்தது. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. பாடசாலைக்குச் சென்றிருந்ததால் உயிர்தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடம் தெரியவில்லை. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கையைக் கேட்டும் அவர்கள் ஏன் போகவில்லை என்று அன்று நகரங்களில் சிலர் வினவினர். எங்கே போவது? தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் உழைத்து, தோட்டத்து லயத்திலே 10 அடிக்கு 12 அடி அறையில் வாழ்பவருக்கு, அந்த மலையிலோ வேறெந்த மலையிலோ சொந்தமென ஒரு சாண் நிலம் இருந்ததில்லை. உயிர்தப்பியோர் ஈராண்டுக் காலம் தற்காலிகத் தங்கிடங்களில் காத்திருந்த பின், 2016 இல் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன.

அந்த வீடுகளைப் பார்த்தபோது மகிழ்ச்சியும் வருத்தமும் ஒருங்கே எழுந்தன. சொந்த வாசலில் செடி நட்டு நீரூற்ற ஒரு குடும்பம் இத்தனை பெரிய விலை கொடுக்க வேண்டியிருந்ததே என்பது வருத்தம். 2003 ஆம் ஆண்டின் சட்டம் குடியுரிமையைத் தந்தது. ஆயினும் குடியிருக்கும் மண்ணின் உரிமை இன்னும் எத்தனையோ லயங்களுக்கு வந்து சேரவில்லை. பெயரிட்டு அழைப்பவன் வேர்விட்டவன் என்று காலையில் எண்ணினேன். மாலையில், வேர்விட்டவனுக்கு உறுதிப்பத்திரமும் வேண்டும் என்று எண்ணினேன்.

பொழுது சாயும் வேளையில் கொஸ்லாந்தையைக் கடந்து தியலுமவை அடைந்தோம். கச்சான் காலமாதலால் அருவி மெலிந்திருந்தது. பாறையின் முகத்தில் நீர் நூல்நூலாகப் பிரிந்து, காற்றடிக்கையில் ஒருபுறம் ஒதுங்கி, மறுபடி ஒன்றுசேர்ந்து விழுந்தது. சுற்றிலும் பலர் படம் பிடித்துக்கொண்டிருந்தனர். நண்பர் நெடுநேரம் பேசாமல் நின்றிருந்துவிட்டு, "பாட்டி வீட்டுத் தண்ணி" என்றார். அதற்குமேல் எங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

இப்பிரயாணத்துக்குப் பின்னரும் அந்த மலை ஓய்ந்திருக்கவில்லை. 2023 மார்ச்சு மாதத்தில் பூனாகலையின் கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்கள் சிதைந்தன. குடும்பங்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் தஞ்சம் புகுந்தன. 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டிட்வா' புயலின்போது, பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. இச்செய்திகளைப் படிக்கும்போதெல்லாம், கதவு சாத்துகிறதா என்று இரவில் எழுந்து பார்க்கும் அந்த மூதாட்டியை எண்ணிக்கொள்கிறேன்.

தியலும காணச் செல்லும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூடுதலாக ஒரு நாளை ஒதுக்கிக்கொண்டு, பண்டாரவளையிலிருந்து பூனாகலை வழியே இறங்கிப் பாருங்கள். ஆடி, ஆவணி மாதங்கள் உகந்தவை. ஐப்பசிக்குப் பின் மழைக்காலத்தில் இவ்வழியைத் தவிர்ப்பது நலம். எக்காலமாயினும் பாதையின் நிலைமையைப் பண்டாரவளையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். லயத்தின் முன் நின்று படம் எடுக்குமுன் உத்தரவு கேளுங்கள். நமக்கு அது காட்சி, அங்கிருப்போருக்கு வீட்டு வாசல். தேத்தண்ணி கொடுத்தால் மறுக்க வேண்டாம். அமர்ந்து குடித்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.