ஒரு துளியும் ஒரு மிடறும்

பல்வலி வந்தால் அம்மம்மா கராம்பெண்ணெயில் ஒரு துளியைப் பஞ்சிலே தோய்த்துப் பல்லில் வைப்பார், வலி அடங்கும். அந்தச் சிறு போத்தலை மருந்தென்றே அறிந்திருந்தேன். அது நஞ்சாகவும் கூடும் என உணர்ந்தது, இரண்டு வயதுத் தம்பி அதனை எடுத்துக் குடித்த அன்றுதான்.

உப்புநீர் கொடுத்து வாந்தியெடுக்கச் செய்ய முயன்றோம். வைத்தியசாலையிலே எம்மைக் கடிந்துகொண்டனர். வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுட் புகுந்தால் ஆபத்து இரட்டிக்கும் என்றனர். தம்பி மயக்கத்தினின்றும் மீண்டான். அவனது ஈரலைப் பற்றிய அச்சம் நீங்கப் பல நாட்கள் சென்றன.

"கறிக்குப் போடுகிற கராம்புதானே!" என்று அம்மம்மா அழுதார். அதற்குரிய விடையைப் பின்னர் இரசாயனவியல் வகுப்பிலே கண்டேன். காய்ந்த கராம்பின் நிறையில் ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதமே எண்ணெய். அவ்வெண்ணெயின் பெரும்பகுதி யூஜினோல். ஆகவே, ஒரு தேக்கரண்டி எண்ணெயைக் குடிப்பது ஏறக்குறைய 30 கிராம் கராம்பின் சாரத்தை ஒரே மிடற்றில் விழுங்குவதாகும். கறியில் நாம் இடுவதோ இரண்டு மூன்று மொட்டுக்களே.

இயற்கையானது என்பதனால் ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. அளவே அதனை மருந்தாகவும் நஞ்சாகவும் ஆக்குகின்றது. அம்மம்மாவின் அந்த ஒரு துளியை நான் இன்றும் மதிக்கின்றேன். போத்தல் மட்டும் பூட்டிய அலுமாரியில் இருக்கின்றது.