பலாப் பலகையும் வெள்ளி நிறமும்

கடந்த மாதம் தெல்தெனியவில் அக்கா வீட்டில் நான்கு நாட்கள் தங்கியிருந்தேன். ஓய்வெடுக்கச் சென்றவனுக்கு அங்கே ஒரு பஞ்சாயத்து காத்திருந்தது. விவகாரம், குசினியில் இருக்கும் ஆறு இலாச்சிகள்.

கனடாவிலிருக்கும் மருமகன் அனுப்பிய பணத்தில் குளிர்சாதனப் பெட்டியும் அடுப்பும் புதிதாக வந்திறங்கியிருந்தன. இரண்டும் துருவேறா உருக்கு. நமது வழக்கில் எவர்சில்வர். அவற்றுக்கு நடுவே பழுப்பேறிய பலாப் பலகை இலாச்சிகள் பொருத்தமின்றித் தெரிவதாகவும், அவற்றின் முகப்புக்கும் வெள்ளி நிறம் ஏற்ற வேண்டுமென்றும் மருமகன் தொலைபேசியில் கூறினான். டிசம்பரில் பிள்ளைகளோடு வருகிறானாம்.

கேட்டவுடன் எனக்குச் சுருக்கென்றது. அவை வெறும் பலகைகள் அல்ல.

இன்றைய தெல்தெனிய, இடம்பெயர்ந்த நகரம். பழைய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. நீர் ஏறுவதற்கு முன்னர் அத்தான் பழைய வீட்டின் கதவுகளைக் கழற்றி மேட்டுக்குக் கொண்டுவந்தார். புதிய வீட்டின் வாசல்களுக்கு அவை பொருந்தவில்லை. அறுத்து இலாச்சிகள் செய்வித்தார். அடி இலாச்சியின் முகப்பில் பழைய சாவித் துவாரம் இன்றும் இருக்கிறது. அத்தான் இப்போது இல்லை.

1985 ஏப்ரலில் பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தாட்சர் அணையைத் திறந்துவைத்தபோது நான் இளம் நிருபன். அணையின் உயரம் 122 மீற்றர், மின்னுற்பத்தி 210 மெகாவாற் என்றெல்லாம் பிழையின்றி எழுதினேன். கழற்றப்பட்ட கதவுகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. சொந்த அக்காவின் வீடு போனதை அறிந்திருந்தும் எழுதவில்லை. அந்தக் குறை இன்றும் உண்டு.

ஆகவே பலகைகளைக் காப்பாற்றும் எண்ணத்தோடுதான் ஓடாவியாரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் மூன்று வழிகளைச் சொன்னார். முதலாவது, பெயின்ட். பழைய வார்னிஷைத் தேய்த்தெடுத்து, அடிப்பூச்சுக் கொடுத்து, உலோகத் துகள் கலந்த வர்ணத்தை அடிப்பது. அத்துகள்கள் பெரும்பாலும் அலுமினியம். தூரிகை போகும் திசைக்கேற்ப ஒளி மாறும். எவ்வளவு கவனமாக அடித்தாலும் எவர்சில்வரின் பக்கத்தில் அது சாம்பல் நிறமாகவே தோன்றும். மரத்தின் துளைகளுக்குள் இறங்கிய வர்ணத்தை முழுதாக மீட்டெடுக்கவும் முடியாது. இரண்டாவது, மெல்லிய உலோகத் தகட்டைப் பசையால் ஒட்டுவது. உறுதியானது, ஆனால் பிரித்தால் பலகையின் மேற்தோலும் சேர்ந்து வரும். மூன்றாவது, உருக்கின் கீற்று பதித்த ஒட்டுத்தாள். சூடு காட்டினால் பின்னாளில் உரித்துவிடலாம்.

எங்கள் வீட்டில் அம்மா பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவித்தது நினைவுக்கு வந்தது. பாத்திரத்தை நெருப்பில் காய்ச்சி, நவச்சாரம் தூவி, உருகிய வெள்ளீயத்தைப் பஞ்சால் தேய்ப்பார்கள். புளிக்குழம்பில் களிம்பு ஏறாதிருப்பதற்கான பூச்சு அது. துருவேறா உருக்கின் கதையும் அதுவே. கலந்திருக்கும் குரோமியம் காற்றோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக நின்று துருவைத் தடுக்கிறது. அவை உடம்பைக் காக்கும் பூச்சுகள். இதுவோ வெறும் கண்ணுக்கானது என்று அக்காவிடம் வாதாடினேன்.

அக்கா தேங்காய் துருவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

“தம்பி, வீடே தண்ணிக்குள்ள போயிருச்சு. பலகைக்கு மேல ஒரு தாள் ஒட்டுறதுக்கு ஏன் இவ்வளவு பயப்படுற? பேரப்புள்ளைக வருதுக. அதுகளுக்கு இந்த வீடு புடிக்கணும்.”

பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நினைவுகளைக் காக்க வேண்டுமென்று நான் கவலைப்பட்டேன். அந்த நினைவுகளோடு நாற்பது ஆண்டுகளாகச் சமைத்தவர் அவர்.

மறுநாள் வேலை தொடங்கியது. செய்ய விரும்பும் வாசகர்களுக்காகக் குறித்துவைக்கிறேன். எண்ணெய்ப் பிசுக்கைச் சவர்க்கார நீரால் துடைத்து நன்கு உலரவிட வேண்டும். நுண்மையான அரத்தாளால் இலேசாகத் தேய்த்து, ஒரு வார்னிஷ் பூச்சுக் கொடுத்துத் துளைகளை மூட வேண்டும். தாளின் கீற்று ஆறு முகப்புகளிலும் ஒரே திசையில் ஓட வேண்டும். ஒன்று மாறினாலும் அது வேறு நிறமாகத் தெரியும். நடுவிலிருந்து ஓரத்துக்கு வழித்தால் காற்றுக் குமிழ் தங்காது. அடுப்பை ஒட்டிய இலாச்சிக்குச் சூடு ஆகாது, ஓரம் கிளம்பிவிடும். அந்த ஒன்றுக்கு மட்டும் தகடு நல்லது என்றார் ஓடாவியார். நல்லவேளையாக எங்களுடைய இலாச்சிகள் அடுப்பிலிருந்து தள்ளியே இருந்தன.

அடி இலாச்சிக்கு வந்தபோது அவர் சாவித் துவாரத்தைக் காட்டி, “புட்டி வச்சு அடைச்சிருவமா?” என்று கேட்டார். மெல்லிய தாள் அடியிலுள்ள பள்ளத்தை மறைக்காது.

அக்கா, “வேணாம், அது அப்படியே இருக்கட்டும்” என்றார்.

புறப்படும் நாளில் பார்த்தேன். ஆறு முகப்புகளும் புதிய அடுப்போடு நன்றாகவே பொருந்தியிருந்தன. அடி இலாச்சியில் மட்டும், விரல் நுனி அளவில் ஒரு பள்ளம். கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய தெல்தெனியவின் சுவர்களும் அத்திவாரங்களும் வெளியே தெரியும். பார்க்கப் பலர் வருவார்கள். அக்கா ஒருமுறைகூடப் போனதில்லை. ஏனென்று நான் இதுவரை கேட்டதில்லை, அன்றும் கேட்கவில்லை.